தோசைக்கல்லில் தெரிந்தது

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது நான்தான். பஞ்சாயத்தில் அதற்கு டேங்க் ஆபரேட்டர் என்று பேர். முதலில் எங்க வீட்டுக்காரர் பார்த்த வேலை. மழைநாளில் தொட்டி ஏணியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு போச்சு. அதிலிருந்து ஏறுவது நான். எப்படி ஏறணும் என்று கீழே உட்கார்ந்து சொல்வது அவர்.

வேலை பெரிசாக ஒன்றுமில்லை. விடியுமுன் போர் மோட்டாரைப் போடணும். தண்ணீர் தொட்டிக்கு ஏறும். நிறைந்ததும் ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திருப்பணும். பூப்பறிக்கப் போகிற பெண்கள் அதற்குள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சம் தாமதமானால் போதும், என் பரம்பரையில் செத்தவர்களையெல்லாம் வரிசையாக விசாரிப்பார்கள்.

அப்புறம் தொட்டி கழுவுவது. கழுவின தேதியைத் தொட்டிச் சுவரில் பெயின்டால் எழுதணும். பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றணும். அஞ்சாவது வரை படித்ததற்கு இந்த வேலை சரியாக இருந்தது. யாரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. புழு வருகிறவரைக்கும்.

பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவள் எனக்கு நாத்தனார் முறை. அவள்தான் முதலில் வந்தாள். கையில் சொம்பு.

"மதினி, இங்கிட்டு வாங்க. இதைப் பாருங்க. ஒங்க தண்ணிய வாங்கினா தனியா மீன் வாங்க வேண்டாம் போல."

பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடந்தது. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும்.

"நூலு," என்றேன்.

"நூலுக்குக் காலு இருக்குமா?"

சொம்பை வெயிலில் சாய்த்துக் காட்டினாள். கால் இருந்தது. நிறைய இருந்தது.

அன்றைக்கே தொட்டியைக் காலிசெய்து உள்ளே இறங்கித் தேய்த்தேன். பவுடரை ஒரு கை கூடவே போட்டேன். தேதி எழுதினேன். மறுநாள் காலையில் அவள் கடையிலிருந்து குரல் வந்தது. "டீ எல்லாம் ஆசுபத்திரி வாசம் அடிக்குது மதினி. குடிக்கிறவன் எல்லாம் ஊசி எங்கன்னு கேக்குறான்."

வாசத்தோடு புழுவும் வந்தது.

எவனோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். போனில் பெரிசாக்கிப் பார்த்தால் பூதம் மாதிரி இருந்தது. வடக்குத் தெருவில் ஒருத்தி, அவள் மகன் அபுதாபியில் இருக்கிறான். அவன் அங்கிருந்து போன் போட்டு, "ஆத்தா, அந்தத் தண்ணியக் குடிக்காத" என்று சொல்லியிருக்கிறான். அவள் குடத்தோடு என் வாசலுக்கு வந்தாள்.

"எம்மகன் அபுதாபியில இருந்துக்கிட்டுப் பாத்துட்டான். நீ டேங்குக்கு அடியில குடியிருந்துக்கிட்டுப் பாக்கல."

எங்க வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "அவன் போனுல டேங்கு நல்லாத் தெரியுதோ என்னமோ" என்றார். அவள் அவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே மறியல் வைத்தார்கள். தண்ணீர் வராத ஊரில் காலிக்குடத்தை ரோட்டில் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் யோசித்தார்கள். காலிக்குடம் வைத்தால் தண்ணீர் வரவில்லை என்று ஆகிவிடும். தண்ணீர் வருகிறது, புழுவோடு வருகிறது. அதனால் நிறைகுடமாகத்தான் வைக்கணும் என்று முடிவு. விடியற்காலையில் பஸ் ரோட்டில் வரிசையாக நிறைகுடம். பூ விளைகிற ஊர் ஆயிற்றே, எவளோ விளையாட்டாக ஒரு குடத்தின் கழுத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டாள். அதைப் பார்த்து அடுத்தவளும் சுற்றினாள்.

மினி பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"யாருங்க வாராங்க? மந்திரியா? எங்களுக்கு ஒன்னும் சொல்லலையே."

"மறியலுய்யா இது," என்றாள் டீக்கடைக்காரி.

"மறியலா?" குடத்தை எல்லாம் ஒருமுறை பார்த்தார். "சகுனம் ரொம்ப நல்லாருக்கேம்மா. இதத் தாண்டிப் போக மனசு வரல. கொஞ்சம் நகத்துங்க, நான் ஓரமாப் போயிக்கிறேன்."

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பூவுக்கு நேரமாகிறது என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தூரத்தில் வால்வு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற இடத்தில் நான் இல்லை.

மறியல் போனாலும் பேச்சு போகவில்லை. வார்டு மெம்பர் வந்தார். சின்ன வயசுப் பிள்ளை, மரியாதையாகப் பேசுவார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க டேங்கு மேல ஏறறதே இல்லைன்னு பேசிக்கிறாங்க. தலைவரு வேற ஆளு பாக்கலாமான்னு கேக்குறாரு."

"தேதி எழுதியிருக்கேனே தம்பி."

"தேதி யாரு வேணா எழுதலாம்னு சொல்றாங்க."

யார் சொன்னது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அபுதாபிக்காரன் ஆத்தாதான்.

"ஏறிப் பாருங்க," என்றேன். "உள்ள கைய விட்டுத் தேச்சுப் பாருங்க. வழவழன்னு இருந்துச்சுன்னா நானே சாவியக் குடுத்துர்றேன்."

மெம்பர் ஏறினார். பாதி ஏணியில் நின்றார். கீழே பார்த்தார். காத்து ஜாஸ்தியா இருக்கு என்று இறங்கிவிட்டார். காற்றே இல்லை. அது அவருக்கும் எனக்கும் தெரியும். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

அன்று இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார், "தொட்டியில இல்லைன்னா வேற எங்க இருக்கும்?"

"போர்லயா?"

"போருக்குள்ள புழு எப்படிப் போகும்?"

"போகலைன்னா? அங்கயே இருந்தா?"

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

காலையில் அவருடைய பழைய வேட்டியைக் கிழித்தேன். போருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் தொட்டிக்கு ஏறாமல் நேராக வெளியே வரும். மண் வந்தால் தள்ளிவிடுவதற்கு வைத்தது. அதன் வாயில் துணியைக் கட்டி மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, துணியை அவிழ்த்தேன். சிவப்பு மணல். மணல் அசைந்தது.

எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலசினேன். ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையில் வெள்ளை. கறுப்பாக வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தோசைக்கல் இருந்தது. எண்ணெய் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்து அதில் ஊற்றினேன்.

"அதுலயா?" என்றார் வீட்டுக்காரர். "இனிமே எனக்கு அதுல தோசை ஊத்துவியா?"

"கழுவிட்டு ஊத்துவேன்."

தோசைக்கல்லில் தெரிந்தது. குழாயில் வந்ததெல்லாம் பவுடர் பட்டுச் செத்துச் சுருண்டது. இது உயிரோடு இருந்தது. சீரக அளவு. கண்ணாடி மாதிரி உடம்பு. வயிற்றுக்குள் ஒரு கோடு, அவ்வளவுதான் அதற்குள் இருந்த நிறம். உடம்பைவிட மீசை நீளம். அந்த மீசையால் தோசைக்கல்லின் விளிம்பைத் தடவித் தடவிப் போனது. எங்க வீட்டுக்காரர் ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு போவாரே, அப்படி.

அவர் போனை எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தார்.

"தலை எங்கிட்டு?"

"மீசை இருக்கற பக்கம்."

"கண்ணக் காணோம்."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். புள்ளி கூட இல்ல."

நானும் பார்த்தேன். இல்லை. கண் இருக்கவேண்டிய இடம் வழித்துவிட்ட மாவு மாதிரி இருந்தது.

அந்தப் போர் போட்டபோது நான் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். முதலில் செம்மண் வந்தது. பிறகு செம்புராங்கல் தூள், ஊரே சிவந்துபோச்சு. பிறகு வெள்ளைக் களி. பிறகு மணலும் தண்ணீரும் பீறிட்டு அடித்தது. எல்லாரும் நனைந்தோம். குலவை போட்டோம். தேங்காய் உடைத்தோம். தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேறு எது இருக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கூலிக்கு வந்த ஆள் எவ்வளவு அடி என்றான், நாங்கள் எவ்வளவு தண்ணீர் என்றோம். அதோடு சரி.

தொட்டி மேலே ஏறி நின்றால் எங்கள் ஊர் முழுக்கத் தெரியும். தென்னை, பலா, மல்லிகைத் தோட்டம், கண்மாய், அதுக்கு அங்கிட்டு அடுத்த ஊர்த் தொட்டி. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் சண்டை போடுகிறார்கள் என்பதுகூடத் தெரியும். இந்த ஊரில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். கீழே ஒரு கூட்டம் பிள்ளை குட்டியோடு இருந்திருக்கிறது. அது தெரியவில்லை. அதுகளின் தண்ணீரைத்தான் தினமும் மோட்டார் போட்டு இழுத்துக்கொண்டிருந்தேன்.

தோசைக்கல்லை அன்றைக்கு அடுப்பில் வைக்கவில்லை. உப்புமா செய்தேன்.

மெம்பரிடம் காட்டினேன். அவர் சுகாதார ஆய்வாளரைக் கூட்டிவந்தார். ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "இது புழு இல்லம்மா. எறாலு சாதி மாதிரி இருக்கு. ஆனா இதை நான் பாத்ததில்ல" என்றார். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். சில நாள் கழித்து மறுபடி வந்தார். கூடவே புதுக்கோட்டையில் கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒரு அம்மா.

அந்த அம்மா வணக்கம் சொன்னார். போர்க் குழாயைப் பார்த்தார். நல்ல சேலை. அதோடு அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார். குழாய்க்குக் கீழே தட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பேச்சு மூச்சு இல்லை. எங்க வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

"டீச்சர், ஒன்னும் ஆயிறலையே?"

"இல்லங்கய்யா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னதுங்க அது?"

"தெரியலைங்க."

"பேரு கூடவா?"

"இனிமேதான் தேடணும். பேரே இல்லாமலும் இருக்கலாம். இந்த மாதிரி மண்ணுக்குள்ள இருக்கறதுல எங்களுக்குத் தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம்."

"படிச்சவங்களுக்கே இந்தக் கதியா?" என்றார் இவர்.

அந்த அம்மா படுத்தபடியே சிரித்தார். "மேல இருக்கறதத்தாங்கய்யா படிச்சோம்."

பிறகு எழுந்து கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். எப்படிப் பிடிக்கணும் என்று காட்டினார். நான் தரையில் படுத்தேன். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு அது தெரிந்தது. முதுகுக்குள் ஊசிமுனை அளவில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. விடாமல் துடித்தது.

"உள்ள என்னமோ அடிக்குதே."

"அது நெஞ்சும்மா. இதயம்."

நான் எழுந்திருக்க நேரமாயிற்று. முதுகெல்லாம் மண் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் படுத்தது குப்புற. மண் முதுகில் எப்படி வரும்? அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னார். வடிகட்டினால் போதும். சாக்கடை கலந்த தண்ணீரில் இதெல்லாம் தங்காது என்று அந்த அம்மா சொன்னார். எவ்வளவு காலமாக இது உள்ளே இருக்கும் என்று கேட்டேன். "ஊரு வாரதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். அதுக்கு மேல சொல்லத் தெரியலைங்கம்மா." சிலதைச் சின்னப் புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டார். புட்டியில் தண்ணீர் இல்லை, ஸ்பிரிட். போடும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். அவருக்கு வேறு வழி இல்லை, அது எனக்குப் புரிந்தது.

ஊர் இதையெல்லாம் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வண்டியில் மூட்டை வந்தது. பிளீச்சிங் பவுடர். மூட்டையை அப்படியே போருக்குள் கொட்டி, ஊறவிட்டு, மறுநாள் இறைத்துவிட்டால் புழு ஒழிந்துவிடும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் கூட்டம் கூடிவிட்டது.

"நல்ல தண்ணியிலதான் இருக்குமாம்," என்றாள் டீக்கடைக்காரி. "அப்ப ஸ்பெஷல் டீன்னு ரெண்டு ரூவா கூட வச்சு விக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, மூட்டையப் பிரி. நீதான ஆபரேட்டரு."

நான் மூட்டையைப் பார்த்தேன். என் உயரத்தில் பாதி இருந்தது.

"கொட்ட மாட்டேன் தலைவரே."

"என்னது?"

"நான் கொட்ட மாட்டேன். வேற ஆளு வச்சுக் கொட்டிக்கங்க. சாவி இந்தா இருக்கு."

மோட்டார் அறைச் சாவியை எடுத்து மூட்டை மேல் வைத்தேன். வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஒரு புழுவுக்காகவாம்மா வேலைய விடுற?" தலைவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான்.

எனக்கு அவ்வளவு பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினேன். "உள்ள எம்புட்டு தூரம் இருக்குன்னு நமக்குத் தெரியாது. என்னென்ன இருக்குன்னு தெரியாது. இதக் கொட்டினா எங்கிட்டுப் போகும்னும் தெரியாது. தொட்டி நாம கட்டினது, அதுல கொட்டுறேன். அது நாம கட்டினது இல்லையே."

அந்தப் பேச்சால் யாரும் மனம் மாறிவிட்டதாகத் தெரியவில்லை. ஓரத்தில் நின்ற மல்லிகைத் தோட்டக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"எங்கிட்டுப் போகும்னு தெரியாதுன்னா? எம் போரு பக்கத்துலதான இருக்கு. நான் மோட்டாரு போட்டா ஊரு போர்ல தண்ணி கொறையுதுன்னு போன கோடையில நீங்கதான சண்டைக்கு வந்தீங்க."

"வந்தோம்," என்றார் மெம்பர்.

"அப்ப உள்ள வழி இருக்குல்ல. நீங்க அங்க கொட்டினா அது எங்கிட்டு வரும்? எம் பூவுக்கு வரும். செடி கருகிப்போச்சுன்னா தலைவரு வந்து மொட்டு வைப்பாரா?"

பக்கத்தில் இன்னும் நாலு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் போர் ஞாபகம் வந்தது. ஆளுக்கு ஒன்று பேசினார்கள். உள்ளே ஆறு ஓடுகிறது என்றார் ஒருவர். ஆறில்லை, மணலில் ஊறி நிற்கிறது என்றார் இன்னொருவர். நீ போய்ப் பாத்தியா, நீ போய்ப் பாத்தியா என்று சத்தம். கடைசியில் யாரும் போய்ப் பார்த்ததில்லை என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

தலைவர் மூட்டையைத் தட்டினார். "சரி, இத எங்க வைக்கிறது?"

"மோட்டார் ரூம்லயே வைங்க," என்றேன். "தொட்டிக்குக் கைக் கையாப் போட்டா வருசக்கணக்கா வரும்."

"சாவிய எடுத்துக்க," என்றார். "வேற ஆளுக்கு எங்க போறது. மெம்பரு ஏறுவாரா?"

மெம்பர் மேலே பார்த்துவிட்டு, காத்து ஜாஸ்தி என்றார்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற குழாயில் இப்போது நெருக்கமான துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டேன். தெருக்குழாயில் இப்போது புழு எதுவும் வருவதில்லை. டீக்கடைக்காரி கொஞ்ச நாள் சொம்பை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்கு ஆள் வருவது குறைந்துபோச்சு, புழு இருந்தப்ப ரெண்டு பேரு பேசவாச்சும் வந்தாங்க என்றாள். கல்லூரி அம்மா ஒருமுறை போன் செய்தார். இன்னும் தேடுகிறார்களாம். எங்கெங்கோ கேட்டிருக்கிறார்களாம். அவசரமில்லை என்று சொன்னேன்.

துணியைத் தினமும் காலையில் அவிழ்த்து அலசணும். துணியில் உயிரோடு தங்கினதுகளை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. செடிக்கு ஊற்ற மனசு வரவில்லை. தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய அடிபம்பு நிற்கிறது. மேல்பாகத்தை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். குழாய் மட்டும் கல் மூடிக் கிடக்கிறது. அதுவும் அதே மணலுக்குத்தான் இறங்குகிறது என்று நினைக்கிறேன். கல்லை நகர்த்தி, துணியை அதன் வாயில் கவிழ்த்து, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன்.

ஒருநாள் டீக்கடைக்காரி பால் வாங்கப் போனவள் நின்று பார்த்தாள்.

"மாப்பிள்ளைய வழியனுப்புற மாதிரியில்ல அனுப்புறீங்க மதினி. அது போயிச் சேருமா?"

"தெரியாது."

"சேந்துச்சுன்னா உள்ள போயி நம்மளப் பத்தி என்ன சொல்லும்?"

"என்னத்தச் சொல்லும்? அதுக்குத்தான் கண்ணு இல்லையே. நம்மள எங்க பாத்துச்சு?"

"அதுவும் நல்லதுக்குத்தான்," என்றாள்.

போகாமல் நின்றாள். பால் தூக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டு குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டுதான். காதை வைத்துக் கேட்டாள்.

"சத்தமே இல்லையே மதினி."

"எனக்கும் கேட்டதில்ல," என்றேன்.

இரண்டு பேரும் கல்லைப் பிடித்து மூடினோம்.